பேரே கேள்விப்படாத ஏர்லைன்ஸ்... டிக்கெட் போடலாமா, வேண்டாமா?

ராத்திரி பதினொன்றரை மணி. வியட்நாம் ட்ரிப்புக்காகவே ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் போடுகிறார். மற்ற எல்லா ஃபிளைட்டையும்விட நாலாயிரம் ரூபாய் கம்மி. பக்கத்தில் ஒரு லோகோ, குரூப்பில் யாருமே இதுவரை கேள்விப்படாத ஒரு பெயர். "டேய், இதை நம்பிப் போலாமா?" என்று ஒரு மெசேஜ். "ப்ளேன்னா எல்லாம் ஒண்ணுதான் மச்சி, போடு!" என்று இன்னொன்று. "எங்க மாமா ஒரு தடவை இந்த மாதிரி ஒண்ணுல போய் செத்துப் பிழைச்சு வந்தாரு" என்று மூன்றாவது. அந்த மாமா போனது எந்த ஏர்லைன்ஸ், எந்த வருஷம் என்று கேட்டால் பதில் வராது.

இந்த மூன்றில் எதை வைத்தும் முடிவெடுக்க முடியாது. ஏனென்றால் "நம்பிப் போகலாமா?" என்ற ஒரே கேள்விக்குள் மூன்று தனித்தனி பயங்கள் ஒளிந்திருக்கின்றன. உயிருக்கு ஆபத்து இல்லாமல் போய்ச் சேருவோமா? நாம் புறப்படும் நாளில் அந்த நிறுவனம் உயிரோடு இருக்குமா? சொன்ன விலையில் சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய் விடுவார்களா? நாம் எல்லோரும் கவலைப்படுவது முதல் கேள்விக்கு. ஆனால், பெரும்பாலும் அடி வாங்குவது மற்ற இரண்டில்தான். ஒவ்வொன்றையும் சோதிக்கும் வழி வேறு. எல்லாமே போனிலேயே செய்யக்கூடியதுதான், ஒரு அரை மணி நேரம் போதும்.

முதல்ல, அது நிஜமாவே தெரியாத பெயரா?

நமக்குத் தெரியவில்லை என்பதற்காக அது சின்ன நிறுவனம் என்று அர்த்தம் இல்லை. மஞ்சள் நிறத்தில் ஸ்கூட் என்று பார்த்துவிட்டு, "இது என்னப்பா பேரு" என்று சிரித்தவர்கள் உண்டு. திருச்சி, கோவைக்காரர்களைக் கேளுங்கள், சிரிக்க மாட்டார்கள். அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சொந்த பட்ஜெட் நிறுவனம். உங்கள் அண்ணன் பத்து வருடங்களுக்கு முன்பு போன டைகர்ஏர்கூட 2017ல் இதனோடுதான் இணைந்தது. மலேசியாவின் பாத்திக் ஏர் புதுசு மாதிரி தெரியும். 2022 வரை அதன் பெயர் மலிண்டோ ஏர். அந்தப் பெயரைச் சொன்னால் உங்கள் அப்பாவுக்கே தெரிந்திருக்கும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக டிக்கெட் தேடினால் வரும் அலையன்ஸ் ஏர், முன்பு ஏர் இந்தியாவின் துணை நிறுவனம். 2022ல் டாடா ஏர் இந்தியாவை வாங்கியபோது, இது மட்டும் அரசாங்கத்திடமே நின்றுவிட்டது.

மறுபக்கம், உண்மையிலேயே புதிய நிறுவனங்களும் இருக்கின்றன. கோவாவிலிருந்து 2024 மார்ச்சில் பறக்க ஆரம்பித்த ஃப்ளை91 அப்படி ஒன்று. புதுசு என்பது குற்றமில்லை. ஆனால், பழைய நிறுவனத்துக்குக் கேட்காத சில கேள்விகளைப் புதுசுக்குக் கேட்டாக வேண்டும்.

ஃபிளைட் நம்பருக்கு முன்னால் இரண்டு எழுத்துகள் இருக்கும் இல்லையா... டி.ஆர் என்றால் ஸ்கூட், ஓ.டி என்றால் பாத்திக் ஏர் மலேசியா, 9ஐ என்றால் அலையன்ஸ். அந்தக் குறியீட்டை வைத்துத் தேடினால், குழப்பம் இல்லாமல் சரியான நிறுவனம் வரும். பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு நாடுகளில் இரண்டு நிறுவனங்கள் இருக்கும். பாத்திக் ஏரே அதற்கு உதாரணம், இந்தோனேசியாவில் ஒன்று, மலேசியாவில் ஒன்று. தேடியதும் நாலு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாளி யார், எந்த வருடத்திலிருந்து பறக்கிறது, எந்த நாட்டு லைசென்ஸ், கையில் எத்தனை விமானங்கள்.

கடைசி விஷயத்தை யாரும் பார்ப்பதில்லை. எனக்கென்னவோ அதுதான் மிக முக்கியம். நூறு விமானங்கள் வைத்திருக்கும் நிறுவனத்தில் ஒன்று பழுதானால் வேறொன்றைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மூன்றே விமானங்கள் வைத்திருக்கும் நிறுவனத்தில் ஒன்று ரிப்பேருக்குப் போனால், மூன்றில் ஒரு பங்கு டைம்டேபிள் காலி. அதேபோல அந்த ரூட்டில் வாரத்துக்கு எத்தனை ஃபிளைட் என்பதையும் பாருங்கள். தினமும் மூன்று இருந்தால், ஒன்று ரத்தானாலும் ராத்திரிக்குள் கிளம்பிவிடலாம். செவ்வாய், சனி மட்டும் என்றால், செவ்வாய்க்கிழமை ஃபிளைட் ரத்தானதும் சனிக்கிழமை வரை ஹோட்டல் ரூம்தான்.

டிக்கெட்ல ஒரு பேர், விமானத்துல வேற பேர்

தெரிந்த நிறுவனத்தில்தான் டிக்கெட் எடுத்தேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி. புக்கிங் பக்கத்தில் கண்ணுக்கே தெரியாத சைஸில், "ஆபரேட்டட் பை" என்று ஒரு வரி இருக்கும். நிஜமாக உங்களைத் தூக்கிக்கொண்டு போகப்போவது அந்தப் பெயர்தான்.

2024 ஆகஸ்ட் 9 அன்று பிரேசிலில் வோபாஸ் என்ற சின்ன நிறுவனத்தின் விமானம் விழுந்து, அதில் இருந்த 62 பேரும் இறந்துபோனார்கள். அந்த ஃபிளைட்டுக்கான டிக்கெட்டுகளை லாட்டம் என்ற பெரிய நிறுவனமும் தன் பெயரில் விற்றிருந்தது. லாட்டம் ஃபிளைட் என்றே நினைத்து வேறு இடத்தில் காத்திருந்ததால் விமானத்தைத் தவறவிட்டோம் என்று, உயிர்தப்பிய சிலர் பிறகு செய்தியாளர்களிடம் சொன்னார்கள். தாங்கள் எந்த நிறுவனத்தில் போகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு, 2025ல் பிரேசில் அரசு வோபாஸின் பறக்கும் உரிமத்தையே ரத்து செய்தது.

இப்படி டிக்கெட்டைப் பகிர்ந்து விற்பதற்கு கோட்ஷேர் என்று பெயர். விமானத்தையும் ஊழியர்களையும் சேர்த்தே இன்னொரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுப்பது வேறு ரகம். நம் இண்டிகோவே 2025 மார்ச்சில் டெல்லி–பாங்காக் ரூட்டில், நார்வேயைச் சேர்ந்த நார்ஸ் அட்லான்டிக் நிறுவனத்தின் பெரிய விமானத்தை எடுத்து ஓட்ட ஆரம்பித்தது. இதில் தப்பு ஒன்றும் இல்லை, உலகம் முழுக்க நடப்பதுதான். ஆனால், நீங்கள் விசாரிக்க வேண்டியது டிக்கெட்டில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயரை அல்ல, குட்டி எழுத்தில் இருக்கும் பெயரை.

உயிர் பயம்: எதைப் பார்க்கணும், எதைப் பார்க்கக் கூடாது

2025 ஜூன் 12, அகமதாபாத். ஏர் இந்தியா விமானம் கிளம்பிய சில நொடிகளிலேயே விழுந்ததை நாம் எல்லோரும் போனில் பார்த்தோம். விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். பெயர் தெரிந்த நிறுவனம், நவீனமான விமானம். அதனால், "தெரிந்த பெயர் என்றால் சேஃப்" என்பது தப்பு. அதே சமயம், ஒரே ஒரு விபத்தை வைத்து ஒரு நிறுவனத்துக்கு மார்க் போடுவதும் தப்பு. விபத்துகள் மிக அபூர்வம் என்பதால், ஒரு சின்ன நிறுவனம் இதுவரை விபத்தே சந்திக்கவில்லை என்பதும் பெரிய சான்றிதழ் ஆகாது. மூன்று விமானங்களோடு இரண்டு வருடம் பறந்தவர்களுக்கு ரெக்கார்டு சுத்தமாகத்தான் இருக்கும்.

பிறகு எதைத்தான் பார்ப்பது? யார் அவர்களைக் கண்காணிக்கிறார்கள் என்று பாருங்கள்.

முதலாவது, ஐரோப்பிய யூனியனின் விமானப் பாதுகாப்புப் பட்டியல். 2006லிருந்து வெளியிடுகிறார்கள். தங்கள் வான்வெளிக்குள் வரக் கூடாது என்று தடை செய்த நிறுவனங்களின் பெயர்கள் அதில் இருக்கும். அவர்களின் வெப்சைட்டில் இலவசமாகப் பார்க்கலாம். நீங்கள் ஐரோப்பாவுக்கே போகவில்லை என்றாலும் இது உதவும். சில நாடுகளில் ஒரு நிறுவனத்தை மட்டும் அல்லாமல், அந்த நாட்டு லைசென்ஸ் வாங்கிய எல்லா நிறுவனங்களையும் சேர்த்தே தடை செய்திருப்பார்கள். 'அந்த நாட்டு அரசின் கண்காணிப்பே சரியில்லை' என்று அதற்குப் பொருள். இந்தோனேசிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் 2007ல் மொத்தமாகத் தடை செய்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக விடுவித்து, 2018 ஜூனில்தான் முழுசாக எடுத்தார்கள். பாலி போனவர்கள் பலருக்கு இது தெரிந்தே இருக்காது.

இரண்டாவது, அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ அமைப்பு நாடுகளுக்குத் தரும் மதிப்பீடு. முதல் வகை, இரண்டாம் வகை என்று இரண்டே ரகம். இரண்டாம் வகை என்றால் அந்த நாட்டின் கண்காணிப்பு சர்வதேசத் தரத்துக்கு இல்லை என்று அர்த்தம். ரொம்பப் பெருமையாக நினைத்துவிடாதீர்கள், இந்தியாவே 2014 ஜனவரியில் இரண்டாம் வகைக்கு இறங்கி, 2015 ஏப்ரலில்தான் மேலே வந்தது. மலேசியா 2019லிருந்து 2022 வரை கீழே இருந்தது. தாய்லாந்து 2015ல் இறங்கியது, மேலே ஏற 2025 ஏப்ரல் வரை ஆனது. இது நாட்டுக்கான மார்க்தான், நிறுவனத்துக்கானது அல்ல. மோசமான ஸ்கூலிலும் நன்றாகப் படிக்கிற பையன் இருப்பான் இல்லையா, அப்படி.

மூன்றாவது, ஐயோசா. சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா, 2003லிருந்து நடத்தும் பாதுகாப்புத் தணிக்கை. பாஸான நிறுவனங்களின் பட்டியல் ஐயாட்டா வெப்சைட்டில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் போதும். பட்டியலில் இருந்தால், அது நல்ல அறிகுறி. இல்லையென்றால் உடனே பயப்பட வேண்டாம். உள்ளூரில் மட்டும் குட்டி விமானங்கள் ஓட்டும் நிறுவனங்கள் பல, இதற்கு விண்ணப்பிப்பதே இல்லை. ஆனால், நாலைந்து நாடுகளுக்குப் பறக்கும் ஒரு நிறுவனம் இதில் இல்லையென்றால் கொஞ்சம் யோசிப்பேன்.

இவற்றோடு ஏவியேஷன் சேஃப்டி நெட்வொர்க் தளத்தில், அந்த நிறுவனத்தின் பழைய சம்பவங்களைத் தேடிப் பார்க்கலாம். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஒரே மாதிரியான தவறு திரும்பத் திரும்ப நடக்கிறதா என்று பாருங்கள். பெரிய நிறுவனத்தின் பக்கம் எப்போதும் நீளமாகத்தான் இருக்கும், ஏனென்றால் பறப்பதும் அதிகம்.

பார்க்கக் கூடாதது என்ன? ஸ்கைட்ராக்ஸ் நட்சத்திரங்கள். அவை சீட், சாப்பாடு, சிரிப்புக்கானவை. பாதுகாப்புக்கானவை அல்ல. அடுத்தது, "ரெக்கை பக்கத்துல ஃபேன் சுத்துதே, பழைய வண்டி போல" என்ற பயம். சேலத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வரும் ஏ.டி.ஆர் 72 போன்ற விமானங்கள், குறைந்த தூரத்துக்கும் சின்ன ரன்வேக்கும் என்றே செய்யப்பட்டவை. இன்றும் புதிதாகத் தயாரிக்கிறார்கள். கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான்.

ஆனால், பணத் தட்டுப்பாடு பாதுகாப்பைத் தொடாது என்றும் சொல்ல முடியாது. 2016 நவம்பரில் பிரேசிலின் சாப்பகோயென்சே கால்பந்து அணியை ஏற்றிக்கொண்டு கொலம்பியா போன லாமியா என்ற பொலிவிய நிறுவனத்தின் விமானம், எரிபொருள் தீர்ந்துபோய் மலையில் விழுந்தது. 71 பேர் இறந்தார்கள். வழியில் இறங்கி எரிபொருள் நிரப்பியிருக்கலாம், இறங்கவில்லை. விமானத்தை ஓட்டிய கேப்டனே நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவர். ஒரு நிறுவனத்தில் 'வேண்டாம், இறங்குவோம்' என்று சொல்லத் தனியாக ஓர் ஆள் இருக்கிறாரா என்பது இந்த அளவுக்கு முக்கியம்.

நீங்க கிளம்புற அன்னிக்கு அந்த கம்பெனி இருக்குமா?

டெல்லியிலிருந்து அமெரிக்காவுக்கு 13,499 ரூபாய். 2018ல் ஐஸ்லாந்தின் வாவ் ஏர் இப்படித்தான் விளம்பரம் செய்தது. டிசம்பரில் டெல்லிக்கு முதல் விமானம் வந்தது. ஜனவரியிலேயே டெல்லி சேவை நின்றது. 2019 மார்ச் 28 அன்று நிறுவனமே இழுத்து மூடப்பட்டது. ஊருக்குத் திரும்ப டிக்கெட் வைத்திருந்தவர்கள் ஏர்போர்ட்டில் நின்றுகொண்டிருந்தார்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்தது. கோ ஃபர்ஸ்ட், 2023 மே 2 அன்று திவால் மனு கொடுத்தது. அடுத்த நாளிலிருந்து ஃபிளைட் இல்லை. கோடை விடுமுறை சீசன் அது. டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் கடன் கொடுத்தவர்கள் ஆனார்கள். அதுவும் வங்கிகளுக்குப் பின்னால், வரிசையின் கடைசியில். 2025 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைத்துவிட உத்தரவு வந்தது.

இந்த இரண்டுமே திடீரென்று நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஜெட்டில் பல மாதங்களாகவே பைலட்டுகளுக்குச் சம்பளம் சரியாகப் போகவில்லை. வாடகைக்குக் கொடுத்தவர்கள் விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்திக்கொண்டே இருந்தார்கள். கோ ஃபர்ஸ்ட்டில் இன்ஜின் பிரச்னையால் பாதி விமானங்கள் தரையில் நின்றன. இவை எல்லாமே செய்திகளில் வந்தன. அதனால், புக் செய்யும் முன் நிறுவனத்தின் பெயரோடு 'சம்பளம்', 'பாக்கி', 'லீஸ்' என்ற வார்த்தைகளைச் சேர்த்து நியூஸ் டேபில் தேடுங்கள், கடந்த ஆறு மாதங்களுக்கு மட்டும். இவற்றோடு எட்டு மாதங்கள் கழித்துப் பறக்கும் டிக்கெட்டுகளை அடிமாட்டு விலைக்குக் கூவிக்கூவி விற்றால், அவர்களுக்கு இன்றைக்கே காசு தேவைப்படுகிறதோ என்று சந்தேகப்படலாம். சந்தேகம்தான், சாட்சி இல்லை. நல்ல நிறுவனங்களும் சேல் போடும்.

உள்நாட்டு நிறுவனம் என்றால், இன்னொரு வசதி இருக்கிறது. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ, மாதாமாதம் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. எந்த நிறுவனம் எத்தனை சதவிகித ஃபிளைட்டுகளை ரத்து செய்தது, நேரத்துக்குக் கிளம்பியது எவ்வளவு, பத்தாயிரம் பயணிகளுக்கு எத்தனை புகார் என்று எல்லாமே அதில் இருக்கும். கடைசி மூன்று மாதங்களின் அறிக்கையை எடுத்து வைத்துப் பாருங்கள். ரத்து சதவிகிதம் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனால், ஏதோ சரியில்லை.

சந்தேகம் இருந்தும் அந்த டிக்கெட்தான் வேண்டுமென்றால், கிரெடிட் கார்டில் பணம் கட்டுங்கள். யு.பி.ஐ வேண்டாம். சேவை கிடைக்கவில்லை என்றால், கார்டு கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்க முடியும். அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால், ரத்தானதும் உடனே கேளுங்கள். ட்ராவல் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு, பாலிசியில் 'நிறுவனம் திவாலானால்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பல பாலிசிகளில் இருக்காது.

நாலாயிரம் ரூபாய் மிச்சம்... நிஜமாவா?

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். தெரியாத நிறுவனத்தில் டிக்கெட் 5,900 ரூபாய். தெரிந்ததில் 10,400. இப்போது 5,900ஓடு 20 கிலோ லக்கேஜுக்கு 2,600, சீட்டுக்கு 450, சாப்பாட்டுக்கு 400, பணம் கட்டும் பக்கத்தில் முளைக்கும் கட்டணம் 350 சேருங்கள். 9,700 ஆகிவிட்டது. மிச்சம் 700 ரூபாய். அதுவும் ராத்திரி ரெண்டரை மணிக்குப் போய் இறங்கினால், டாக்ஸிக்கே போய்விடும். பேக்பேக் மட்டும் மாட்டிக்கொண்டு போகிற ஆள் என்றால், நாலாயிரமும் உங்களுக்கே. ஆனால், கையில் கொண்டுபோகும் பைக்கு 7 கிலோ என்றால் 7 கிலோதான். வாசலில் தராசு வைத்து நிற்பார்கள். அங்கே கட்டும் கட்டணம், ஆன்லைனில் முன்கூட்டியே கட்டுவதைவிட எப்போதும் அதிகம்.

இதையெல்லாம்விடப் பெரிய பள்ளம், இரண்டு தனித்தனி டிக்கெட்டை ஒட்டிப் போடுவது. நானே விழுந்திருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு நிறுவனத்தில் பாதி வழி, இன்னொன்றில் மீதி வழி என்று ஆப் ஒன்று சேர்த்துக் கொடுத்த டிக்கெட்டை எடுத்தேன். நடுவில் மூன்று மணி நேரம் இடைவெளி, தாராளம் என்று நினைத்தேன். முதல் ஃபிளைட் இரண்டரை மணி நேரம் லேட். இமிக்ரேஷன் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் கவுன்ட்டருக்கு ஓடினால், மூடிவிட்டார்கள். "நீங்க வரலைன்னு பதிவாகிடுச்சு" என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். லேட்டாக்கிய நிறுவனத்துக்கோ, 'எங்க வேலை உங்களை இங்க இறக்கிவிடுறது, அதைச் செஞ்சாச்சு' என்ற நிலை. பதினோரு மணி நேரம் சேரில் உட்கார்ந்து, இரண்டு மடங்கு விலைக்குப் புது டிக்கெட். ஒரே புக்கிங்காக இருந்திருந்தால் அடுத்த ஃபிளைட்டில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு.

நம்மூர்க்காரர்கள் அதிகம் மாறும் கோலாலம்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்ஏஷியா வருவது டெர்மினல் 2. பாத்திக் ஏர் டெர்மினல் 1. நடுவே ரயிலில் மூன்று நிமிடம்தான். ஆனால், தனித்தனி டிக்கெட் என்றால் மலேசியாவுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, வெளியே வந்துதான் அந்த ரயிலில் ஏற வேண்டும். இந்தியர்களுக்கு 2026 இறுதி வரை விசா வேண்டாம் என்பதால், டிஜிட்டல் வருகை அட்டையை முன்பே நிரப்பிவிட்டால் சமாளிக்கலாம். விசா கேட்கும் நாடாக இருந்தால், முதல் ஃபிளைட்டிலேயே ஏற்ற மாட்டார்கள்.

பணம் கட்டுறதுக்கு முன்னால, கட்டினதுக்கு அப்புறம்

விலையை எந்த ஆப்பில் வேண்டுமானாலும் பாருங்கள். ஆனால், தெரியாத நிறுவனம் என்றால், டிக்கெட்டை அவர்கள் வெப்சைட்டிலேயே எடுப்பது நல்லது. ஏஜென்ட் மூலம்தான் என்றால், புக்கிங்கில் உங்கள் போன் நம்பரும் உங்கள் மெயிலும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பல ஏஜென்ட்டுகள் தங்களுடையதையே போட்டுவிடுவார்கள். ஃபிளைட் நேரம் மாறிய மெசேஜ் அவர்களுக்குப் போகும், உங்களுக்கு வராது. டிக்கெட் வந்ததும் அதில் இருக்கும் ஆறு இலக்க பி.என்.ஆரை, ஏர்லைன்ஸின் சொந்த வெப்சைட்டில் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயர் வந்தால்தான் டிக்கெட். வாட்ஸ்அப்பில் வந்த அழகான பி.டி.எஃப் டிக்கெட் ஆகாது.

இன்னொன்று, ஃபிளைட் ரத்தான பதற்றத்தில் கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடாதீர்கள். அந்தப் பதற்றத்துக்காகவே போலி நம்பர்களைப் போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். ரீஃபண்ட் தருகிறேன் என்று ஓர் ஆப்பை இறக்கச் சொல்வார்கள், அக்கவுன்ட் துடைக்கப்படும். புக் செய்த அன்றைக்கே, நிறுவனத்தின் வெப்சைட்டிலிருந்து நம்பரை எடுத்து சேவ் செய்துகொள்ளுங்கள்.

உள்நாட்டு ஃபிளைட் என்றால், சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. முன்கூட்டியே சொல்லாமல் ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் வரை இழப்பீடு. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. இது டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதோடு சேர்த்து. புயல், மழை என்றால் இழப்பீடு கிடையாது, ஆனால் ரீஃபண்ட் உண்டு. நிறுவனம் பதில் சொல்லவில்லை என்றால் ஏர்சேவா ஆப்பில் புகார் பதியுங்கள், அல்லது 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு அழையுங்கள். இதெல்லாம் உயிரோடு இருக்கும் நிறுவனத்துக்குத்தான்.

பட்டியலும் கைகொடுக்காத இடம்

போன வருடம் அம்மாவும் அப்பாவும் முக்திநாத் கிளம்பினார்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, நேபாளத்தில் இருக்கிறது, அம்மாவுக்குப் பல வருட ஆசை. டூர் ஏஜென்ட்டிடம், "போக்ராவுல இருந்து ஜோம்சோம் எந்த ஏர்லைன்ஸ்ல போறாங்க?" என்று கேட்டேன். "ஏதாச்சும் ஒண்ணு போடுவாங்க தம்பி, எல்லாம் குட்டி ப்ளேன்தான்" என்றார்.

ஐரோப்பியப் பட்டியலைத் திறந்தால், நேபாள நிறுவனங்கள் எல்லாமே அதில் இருக்கின்றன. 2013 டிசம்பரில் மொத்தமாகச் சேர்த்தார்கள். அதாவது, 'இது வேண்டாம், அது போடுங்க' என்று சொல்ல, அந்தப் பட்டியலுக்கு வெளியே அங்கே ஒரு நிறுவனம்கூட இல்லை. ஜோம்சோம் ரூட்டில் 2022 மே மாதம் தாரா ஏர் விமானம் மலையில் மோதி 22 பேர் இறந்தார்கள், நாலு பேர் இந்தியர்கள். 2023 ஜனவரியில் போக்ராவில் எட்டி ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 72 பேர். ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதே வழியில் பத்திரமாகப் போய் வருகிறார்கள் என்பதும் உண்மை.

இந்த மாதிரி இடத்தில் கேள்வி, 'எந்த ஏர்லைன்ஸ்?' என்பதிலிருந்து 'எப்படி, எப்போது?' என்று மாறிவிடுகிறது. ஜோம்சோம் பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே காற்று பலமாக வீச ஆரம்பித்துவிடும் என்பதால் காலையில்தான் பறப்பார்கள். மேகம் இறங்கினால் அன்றைக்கு ஃபிளைட் இல்லை. சிக்கல், டூர் ப்ளான்கள் இதற்கு இடமே கொடுப்பதில்லை. இன்று ஜோம்சோம், நாளை காத்மாண்டு, மறுநாள் சென்னை என்று நெருக்கி வைத்திருப்பார்கள். ஃபிளைட் ரத்தானால் எல்லோரும் சேர்ந்து, 'எப்படியாவது கிளம்புங்க' என்று நிற்பார்கள். நான் ஏஜென்ட்டிடம் கேட்டது இரண்டே விஷயங்கள். போக்ராவில் ஒரு நாள் சும்மா இருக்கட்டும், செலவு எங்களுடையது. ஃபிளைட் இல்லையென்றால் ஜீப்புக்கு ஏற்பாடு இருக்கட்டும்.

ஜீப் ஒன்றும் மெத்தை இல்லை. இருபது நிமிட விமானப் பயணத்துக்குப் பதிலாக நாள் முழுக்கக் குலுங்க வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு உண்டு. சாலையில் விபத்தே நடக்காது என்றும் யாரும் சொல்ல முடியாது. ஆனால், மழை இல்லாத மாதம், நடுவில் நிறுத்திக்கொள்ளலாம், உயரமும் மெதுவாக ஏறும். போக்ரா 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முக்திநாத் 3,700 மீட்டர். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்த மெதுவும் தேவைதான்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு ஏர்போர்ட் போனார்கள். பத்தரை வரை மேகம் விலகவில்லை, ஃபிளைட் ரத்து. குரூப்பில் பாதிப் பேர் அடுத்த நாள் காத்திருந்து விமானத்திலேயே போனார்கள், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள். அம்மா ஜீப் என்று சொல்லிவிட்டார். ராத்திரி ஜோம்சோமிலிருந்து அப்பா போன் செய்தார். "உன் பேச்சைக் கேட்டு இடுப்பே கழண்டுபோச்சுடா" என்றார். பின்னால், அம்மா யாரிடமோ சுடுதண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.